வெற்றி பெற்றோரும் தோல்வி அச்சமும்

வெற்றி பெற்றவர்கள் தோல்விக்கு அஞ்சுவதில்லை என்னும் கூற்று நம்மிடையே ஏறத்தாழ ஒரு முதுமொழியின் தகுதியைப் பெற்றுவிட்டது. சென்னைப் புத்தகக் காட்சிக்குச் செல்பவர்கள் சுயமுன்னேற்ற நூல்களுக்கென ஒதுக்கப்பட்ட அடுக்குகளின் முன் சற்று நின்று அட்டைகளை மட்டும் பார்த்தாலே போதும், இந்த ஒரே செய்தி எத்தனை வண்ணங்களில் அச்சாகிறது என்பது விளங்கிவிடும். மலையுச்சியில் கைகளை விரித்து நிற்கும் மனிதன் ஒருவன் பெரும்பாலும் அட்டையில் இருப்பான். அவன் எப்படி இறங்கப்போகிறான் என்ற கவலை அட்டையை வரைந்தவருக்கு இருந்ததாகத் தெரிவதில்லை.

இந்நூல்களை ஏளனம் செய்வது இலக்கிய வாசகர்களுக்கு மிக எளிது. நமக்கு அதில் விருப்பமில்லை. அப்துற் றஹீமும், பின்னர் 'எண்ணங்கள்' எழுதிய எம்.எஸ். உதயமூர்த்தியும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த இளைஞர்கள் பலருக்குத் துணிவூட்டியவர்கள். அந்தத் தொண்டைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. நம் மாறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. வெற்றியாளரின் மனம் தனியொரு மண்ணால் ஆனது, அதில் தோல்வி அச்சம் முளைப்பதில்லை என்று சொல்லப்படும்போது, அச்சம் முளைத்த மனமுடையவர், தாம் அந்த இனத்தைச் சேர்ந்தவர் அல்லர் என்னும் முடிவுக்குத் தாமாகவே வந்து சேர்ந்துவிடுகிறார். புதிதாக எழுத வருபவருக்கு இதைவிடக் கேடான ஒரு பாடத்தைச் சொல்லித்தர முடியாது.

அண்மைக் காலமாக இச்செய்திக்கு இன்னொரு வடிவம் கிடைத்திருக்கிறது. தோல்வியே நல்லது, விரைவாகத் தோற்றுவிடுவது இன்னும் நல்லது என்னும் வடிவம். மென்பொருள் தொழில் முனைவோரின் கூட்டங்களில் இது வேதவாக்கு. இதற்கு இவர்கள் இலக்கியத்திலிருந்து ஒரு சான்றையும் பிடித்து வைத்திருக்கிறார்கள். சாமுவேல் பெக்கெட் 1983இல் வெளியிட்ட 'வர்ஸ்ட்வர்ட் ஹோ' என்னும் சிறிய உரைநடைப் படைப்பில், மீண்டும் முயல்வது பற்றியும் முன்னைவிட மேலாகத் தோற்பது பற்றியும் வரும் சில சொற்கள் சுவரொட்டிகளிலும் தேநீர்க் கோப்பைகளிலும் ஏறிவிட்டன. ஸ்விட்சர்லாந்தின் டென்னிஸ் வீரர் ஸ்டான் வாவ்ரிங்கா அவற்றைத் தம் முன்கையில் பச்சை குத்திக்கொண்டிருக்கிறார். அவர் மூன்று பெரும் பட்டங்களை வென்றவர் என்பதால் அச்சொற்கள் வெற்றியின் மந்திரமாகவே ஆகிவிட்டன. ஆனால் பெக்கெட்டின் பக்கத்தில் அச்சொற்களுக்குப் பிறகு வருவது வேறு. மேலாகத் தோற்பதைச் சொன்ன உரைநடை, அடுத்து இன்னும் கீழாகத் தோற்பதை நோக்கி இறங்கத் தொடங்குகிறது. குமட்டல் எடுத்து, இனி இயலாது என்னும் நிலைவரை செல்லும் இறக்கம் அது. அந்தப் பகுதியை எவரும் கோப்பையில் அச்சிடவில்லை.

வெற்றி பெற்றவர்கள் தோல்வி அச்சத்தைப் பற்றி உண்மையில் என்ன நினைத்தார்கள் என்பதை அறிய வேண்டுமானால், வெற்றிக்குப் பின் மேடையில் அவர்கள் சொன்னதைக் கேட்பது பயன் தராது என்றே நாம் கருதுகிறோம். மேடையில் நிற்பவருக்குத் தம் கதையின் முடிவு தெரியும். முடிவு தெரிந்தவர் நினைவுகூரும் அச்சம், முடிவு தெரியாமல் ஒரு மனிதர் பட்ட அச்சம் அன்று. எனவே, முடிவு தெரிவதற்கு முன் எழுதப்பட்ட நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தேடிச் செல்ல வேண்டியிருக்கிறது. நல்வாய்ப்பாக, எழுத்தாளர்களும் மேடைக் கலைஞர்களும் இவற்றை ஏராளமாக விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

செகாவின் 'கடற்பறவை' நாடகத்திலிருந்தே தொடங்கலாம். அதன் இரண்டாம் அங்கத்தில், புகழ்பெற்ற எழுத்தாளரான திரிகோரினிடம் இளம்பெண் நீனா, இத்தகைய பெருவாழ்வு எப்படி இருக்கிறது என்று வியந்து கேட்கிறாள். திரிகோரின் தரும் விடை நீண்டது. ஒரு கதையை முடித்த கையோடு அடுத்த கதை அவரைத் துரத்துகிறது. வானில் போகும் முகிலைக்கூட ஒரு பியானோவைப் போலிருக்கிறதே, கதையில் சேர்க்க வேண்டுமே என்றுதான் அவரால் பார்க்க முடிகிறது. நண்பர்களின் பாராட்டு நோயாளிக்குச் சொல்லப்படும் பொய்யாக இருக்குமோ என்ற ஐயம் வேறு. தாம் இறந்த பின் கல்லறையைக் கடந்து செல்பவர்கள், நல்ல எழுத்தாளர்தான், ஆனால் துர்கேனிவ் அளவுக்கு இல்லை என்று சொல்வார்கள் என்பது வரை அவர் கணக்கிட்டு வைத்திருக்கிறார். நீனா இதை நம்புவதில்லை. வெற்றியால் கெட்டுப்போனவரின் பேச்சு என்று எடுத்துக்கொள்கிறாள். வெளியில் நிற்பவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பது செகாவுக்குத் தெரிந்திருந்தது.

நாடகத்தின் முதல் அங்கத்திலேயே ஒரு நாடகம் தோற்றுப்போகிறது. திரெப்லெவ் என்னும் இளைஞன் எழுதி நிகழ்த்தும் நாடகத்தை அவனுடைய தாயே, அவள் பெயர்பெற்ற நடிகை, இடையிடையே கிண்டல் செய்து கலைத்துவிடுகிறாள். தோல்வியைப் பற்றிய இந்த நாடகம் 1896ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று, அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி, பீட்டர்ஸ்பர்க் அலெக்ஸாந்திரின்ஸ்கி அரங்கில் முதன்முறையாக மேடையேறியபோது தானும் தோற்றது. லெவ்கேயெவா என்னும் நகைச்சுவை நடிகையைச் சிறப்பிக்கும் மாலையாக அது ஏற்பாடாகியிருந்தது. அவருக்கு இந்த நாடகத்தில் வேடமே இல்லை. அவரைப் பார்த்துச் சிரிப்பதற்கென வந்திருந்த கூட்டம், சிரிக்கக் கூடாத இடங்களிலெல்லாம் சிரித்தது. நீனாவாக நடித்த கோமிஸார்ஷெவ்ஸ்கயா பிற்காலத்தில் ரஷ்ய மேடையின் பெரும் பெயர்களில் ஒருவர். அன்று அவராலும் கூச்சலுக்கு எதிராக நிற்க முடியவில்லை. செகாவ் இடையிலேயே அவையைவிட்டு எழுந்து மேடைக்குப் பின்னால் போய் ஒரு நடிகையின் ஒப்பனை அறையில் உட்கார்ந்துகொண்டார். பிறகு நள்ளிரவு கடந்தும் பீட்டர்ஸ்பர்க் தெருக்களில் நடந்தார்.

அவர் தங்கியிருந்தது பதிப்பாளர் சுவோரினின் வீட்டில். அன்றிரவு, இன்னும் எழுநூறு ஆண்டுகள் வாழ்ந்தாலும் இனி அரங்கிற்கு ஒரு நாடகமும் தரப்போவதில்லை என்னும் பொருள்பட அவர் சொன்னதைச் சுவோரின் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மறுநாளே செகாவ் மெலிகோவோவில் இருந்த தம் பண்ணை வீட்டிற்குப் புறப்பட்டுவிட்டார். இதன் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஐந்து நாட்கள் கழித்து, அக்டோபர் 22 அன்று, அதே சுவோரினுக்கு அவர் ஒரு கடிதம் எழுதுகிறார். தாம் கோழையைப்போல் ஓடிவிட்டதாகச் சொல்லப்பட்டதை மறுக்கிறார். பெண் கேட்டுப்போய் மறுக்கப்பட்டவன் எப்படி அமைதியாகத் திரும்பி வருவானோ அப்படித்தான் தாம் வந்ததாகச் சொல்கிறார். வீட்டிற்கு வந்து விளக்கெண்ணெய் குடித்ததாகவும், குளிர்ந்த நீரில் குளித்ததாகவும், இப்போது புதிய நாடகம் ஒன்றை எழுதவும் தயார் என்றும் முடிக்கிறார்.

எழுநூறு ஆண்டுச் சூளுரையை எடுத்தவர் மெய்யான செகாவா, விளக்கெண்ணெய் குடித்தவர் மெய்யான செகாவா? சுயமுன்னேற்ற நூல் எழுதுபவர் தயங்காமல் இரண்டாமவரைத் தேர்ந்தெடுத்து, தோல்வியை எப்படி உதற வேண்டும் என்பதற்கு அவரை எடுத்துக்காட்டாக்கிவிடுவார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1898இல் புதிதாகத் தொடங்கப்பட்ட மாஸ்கோ கலை அரங்கிற்கு அந்த நாடகத்தைத் தருமாறு நெமிரோவிச்-தான்சென்கோ கேட்டபோது செகாவ் மறுத்தார். மீண்டும் மீண்டும் வற்புறுத்திய பிறகே இசைந்தார். ஆக, விளக்கெண்ணெய் வேலை செய்யவில்லை. அச்சம் ஒன்றரை ஆண்டுகளாக அங்கேயேதான் இருந்திருக்கிறது. வேறொருவர் வந்து தட்டிக்கொண்டே இருந்ததால்தான் கதவு திறந்தது.

அந்த இரண்டாம் அரங்கேற்றம், 1898 டிசம்பர் 17 அன்று நடந்தது, அச்சத்தைப் பற்றிய ஒரு முழுச் சித்திரம். காசநோயாளியான செகாவ் அப்போது யால்தாவில் இருந்தார். இன்னொரு தோல்வியை அவருடைய உடல் தாங்காது என்று அஞ்சிய தங்கை மரியா, நாடகத்தை நிறுத்திவிடும்படி கேட்டுக்கொண்டதாக ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். நடிகர்கள் எல்லோர் மீதும் வலேரியன் சொட்டு மருந்தின் வாடை அடித்ததாம். நரம்புகளை அமைதிப்படுத்த அக்காலத்தில் குடிக்கப்பட்ட மருந்து அது. திரிகோரினாக நடித்த ஸ்தனிஸ்லாவ்ஸ்கி அவைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது, துடித்துக்கொண்டிருந்த தம் காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதல் அங்கம் முடிந்து திரை விழுந்ததும் அவையில் பேரமைதி. தோற்றுவிட்டோம் என்றே மேடையில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு நடிகை அழத் தொடங்கியிருந்தார். அதன் பிறகுதான் கரவொலி எழுந்தது. இருபதாம் நூற்றாண்டு நடிப்புக் கலையின் போக்கை மாற்றிய மாலைகளில் ஒன்று என்று இன்று நாம் குறிப்பிடும் அந்த மாலையில், தோல்வியை அஞ்சாத மனிதர் என்று சுட்டிக்காட்ட மேடையில் ஒருவரும் இல்லை.

இந்த வெற்றி செகாவின் அச்சத்தைத் தீர்த்ததா? அதுவுமில்லை. 'மூன்று சகோதரிகள்' 1901 ஜனவரி இறுதியில் அரங்கேறியபோது அவர் இத்தாலியில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். தந்திகள் தம்மை எளிதில் எட்டாதபடி பார்த்துக்கொண்டார் என்று சொல்வதில் தவறில்லை. 1904 ஜனவரியில் 'செர்ரித் தோட்டம்' அரங்கேறிய மாலையில், அவர் மாஸ்கோவிலேயே இருந்தும் தொடக்கத்திற்கு வரவில்லை. இடையில் ஆள் அனுப்பி அழைத்துவர வேண்டியிருந்தது. அதற்குள் அவர் உலகறிந்த எழுத்தாளர். ஒப்பனை அறையில் போய் உட்கார்ந்துகொண்ட மனிதர் ஏழு ஆண்டுகளுக்குப் பிறகும் அவையைத் தவிர்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இப்போது அதற்கு அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அரங்கேற்றத்தின்போது அங்கே இல்லாமலிருப்பது என்னும் முறை.

'கடற்பறவை' தோற்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் முன்னதாக, 1895 ஜனவரி 5 அன்று, லண்டனில் ஹென்றி ஜேம்ஸின் 'கை டோம்வில்' நாடகம் இதைவிடக் கொடிய வகையில் தோற்றது. பதற்றம் தாளாமல் ஜேம்ஸ் அன்று மாலை வேறோர் அரங்கில் ஆஸ்கர் வைல்டின் நாடகத்தைப் பார்த்துப் பொழுதைக் கழித்துவிட்டு, முடியும் நேரத்தில் தம் நாடக அரங்கிற்கு வந்தார். நடந்தது எதுவும் அறியாமல் மேடைக்கு அழைத்து வரப்பட்டவரை மாடிக் கூட்டம் ஊளையிட்டு வரவேற்றது. அவருக்கு அப்போது 51 வயது. மேடைக்காகச் செலவிட்ட ஐந்தாண்டு உழைப்பு அந்த ஓரிரவில் போயிற்று. அவர் நாவலுக்குத் திரும்பினார் என்பதையும், நாம் இன்று கொண்டாடும் அவருடைய பிற்கால நாவல்கள் இதன் பிறகு வந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். அப்படிச் சொல்லும்போது அந்த ஊளை ஏதோ தேவையான ஒரு படிக்கட்டு என்பதுபோல் ஆகிவிடுகிறது. ஜேம்ஸுக்கு அது படிக்கட்டாக இருந்ததில்லை. நெடுங்காலம் அவரால் அந்த இரவை மறக்க முடியவில்லை.

எழுத்தாளராவது அரங்கேற்றத்தின்போது ஓடிப்போகலாம். தாமே மேடையேற வேண்டியவருக்கு அந்த வழியும் இல்லை. செல்லோ வாத்தியத்தில் சென்ற நூற்றாண்டின் தலைமகன் எனத்தகும் பாப்லோ காசல்ஸ், 1901இல் சான் பிரான்சிஸ்கோ அருகே தமால்பையஸ் மலையில் நண்பர்களுடன் நடந்துகொண்டிருந்தபோது பாறையொன்று உருண்டு வந்து அவருடைய இடக் கையை நசுக்கியது. நசுங்கிய விரல்களைப் பார்த்ததும் தமக்கு முதலில் தோன்றிய எண்ணம், இறைவனுக்கு நன்றி, இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை என்பதே என்று பிற்காலத்தில் அவர் பதிவு செய்திருக்கிறார். அப்போது அவருக்கு 24 வயது. ஐரோப்பாவில் பெயர் பெற்றுவிட்டிருந்தார். கை குணமாகி, அதன் பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து வாசித்தார். கச்சேரிக்கு முன்னால் வரும் அச்சம் கடைசிவரை அவரை விட்டு அகலவில்லை. இசைமீது அன்பில்லாததால் வந்த எண்ணம் அது என்று எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

நடிகர் லாரன்ஸ் ஒலிவியேயின் அனுபவம் இன்னும் விந்தையானது. இளமையில் வரவேண்டிய மேடை அச்சம் அவருக்குப் புகழின் உச்சியில், ஐம்பது வயது தாண்டிய பிறகு, 1964 அளவில் வந்தது. பிரிட்டனின் தேசிய நாடக அரங்கிற்கு அவர் இயக்குநராக இருந்த காலம் அது. சுமார் ஐந்து ஆண்டுகள் நீடித்த அந்த அச்சத்தைப் பற்றித் தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 'ஒதெல்லோ'வில் தனித்து நின்று பேச வேண்டிய இடங்களில், இயாகோவாக நடித்த ஃபிராங்க் ஃபின்லேயை மேடையைவிட்டு முற்றிலும் விலகிவிட வேண்டாம் என்றும், பக்கத்திரை அருகே தம் கண்ணில் படும்படி நிற்குமாறும் கேட்டுக்கொண்டார். ஃபின்லே நின்றார். அவ்வளவுதான் நடந்தது. அச்சத்தை வெல்லும் தத்துவம் எதையும் ஒலிவியே கண்டுபிடிக்கவில்லை. கண்ணில் படும் தூரத்தில் ஒரு மனிதர் அவருக்குத் தேவைப்பட்டார்.

அச்சத்தை நாள்தோறும் பதிவு செய்து வைத்தவர் ஒருவர் உண்டெனில் அவர் ஜான் ஸ்டைன்பெக். 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை 1938 மே இறுதியில் தொடங்கி அக்டோபர் 26 அன்று முடித்தார். ஏறத்தாழ நூறு வேலை நாட்கள், நாளொன்றுக்கு இரண்டாயிரம் சொற்கள் என்று இலக்கு. ஒவ்வொரு நாளும் நாவலைத் தொடுவதற்கு முன் நாட்குறிப்பில் சில வரிகள் எழுதுவார். 'வர்க்கிங் டேய்ஸ்' என்னும் தலைப்பில் 1989இல் வெளிவந்த அந்த நாட்குறிப்பைப் படிப்பவர்கள், ஒரு செவ்வியல் நாவலின் பிறப்பைக் காணலாம் என்னும் எதிர்பார்ப்போடு போனால் ஏமாந்துபோவார்கள். அங்கே இருப்பது அண்டை வீட்டுச் சத்தம், வந்து போகும் விருந்தினர், நொடித்துப்போன பதிப்பகம், சோம்பல் பற்றிய குற்ற உணர்வு, இவற்றுக்கிடையே திரும்பத் திரும்ப வரும் ஒரே புலம்பல். தாம் உண்மையில் எழுத்தாளர் அல்லர், இந்த நூலுக்குத் தேவையான திறன் தம்மிடம் இல்லை என்னும் புலம்பல். அவர் அப்போது அறிமுக எழுத்தாளர் அல்லர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முந்தைய ஆண்டுதான் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' வெளிவந்து பெரும் வெற்றி பெற்றிருந்தது. அந்த வெற்றிதான் அச்சத்தைப் பெருக்கியது என்பது நாட்குறிப்பில் நன்றாகவே தெரிகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த நாவலைத் தொடங்குவதற்குச் சற்று முன் அவர் இதே சூழலைக் களமாகக் கொண்டு ஓர் அங்கத நாவலை அறுபது எழுபதாயிரம் சொற்களுக்கு எழுதி, அது தரமற்றது என்று கருதி அழித்துவிட்டார். பதிப்பாளருக்கு அது வருமென்று சொல்லப்பட்டுமிருந்தது. தோல்வி அச்சம் இல்லாத ஒருவர் அதை அச்சுக்கு அனுப்பியிருப்பார். இந்த இடத்தில் அச்சம் ஓர் எதிரியாக அன்றி, கறாரான முதல் வாசகராகச் செயல்பட்டிருக்கிறது. இதையும் ஒரு சூத்திரமாக்கிவிடலாம், அச்சமே நல்லது என்று. ஆனால் அதே அச்சம், முடித்த நாவலையும் ஐயப்பட்டது. இது பலர் விரும்பும் நூலாக இராது, குறைவான படிகள் அச்சிட்டால் போதும் என்று அவர் பதிப்பகத்தாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1939இல் அமெரிக்காவில் மிகுதியாக விற்ற நாவல் அதுதான். 1940இல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. ஆக, அங்கத நாவலைப் பற்றி அச்சம் சொன்னது சரியாக இருக்கலாம். இந்த நாவலைப் பற்றிச் சொன்னது பொய். இரண்டு இடத்திலும் அதன் குரல் ஒன்றே. உள்ளிருந்து கேட்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. ஸ்டைன்பெக் செய்ததெல்லாம், அந்தக் குரலைக் காலையில் நாட்குறிப்பில் இறக்கி வைத்துவிட்டு, அன்றைய இரண்டாயிரம் சொற்களுக்குப் போனதுதான்.

இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் கரையேறியவர்கள். கரையேறியவர்களை மட்டும் வரிசைப்படுத்தினால், ஏளனம் செய்ய மாட்டோம் என்று மேலே சொன்ன அதே நூல்களுள் ஒன்றை நாமும் எழுதியவர்களாவோம். எனவே ரால்ஃப் எல்லிசனைப் பற்றிப் பேசாமல் இதை விடுவதற்கில்லை.

எல்லிசன் 1945இல் தொடங்கி ஏழாண்டுகள் உழைத்து 1952இல் வெளியிட்ட 'இன்விசிபிள் மேன்', அடுத்த ஆண்டே அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. கறுப்பின அமெரிக்கர் ஒருவரின் முதல் நாவல் அப்படி வரவேற்கப்பட்டது அதற்கு முன் நிகழ்ந்திராத ஒன்று. 1950களிலேயே அவர் இரண்டாம் நாவலைத் தொடங்கிவிட்டார். 1967 நவம்பரில் மாசசூசெட்ஸில் இருந்த அவருடைய கோடைக்கால வீடு எரிந்தபோது கையெழுத்துப் படியில் ஒரு பகுதி போயிற்று. அர்னால்ட் ராம்பர்சாத் எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படித்தால், ஆண்டுகள் செல்லச் செல்ல எரிந்துபோன பகுதியின் அளவு எல்லிசனின் பேச்சில் வளர்ந்துகொண்டே போவதைக் காண முடிகிறது. 1980களில் கணினியை வாங்கி அதிலும் எழுதினார், திருத்தினார், மீண்டும் எழுதினார். 1994இல் அவர் இறந்தபோது ஆயிரக்கணக்கான பக்கங்கள் இருந்தன, நாவல் இல்லை. அவற்றிலிருந்து ஒரு பகுதியைத் தொகுத்து 1999இல் 'ஜூன்டீன்த்' வெளியிடப்பட்டது. 2010இல் வந்த விரிவான பதிப்பு ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது.

எல்லிசனுக்குத் துணிவில்லை என்று சொல்ல முடியுமா? நாற்பது ஆண்டுகள் ஒரே நாவலின் முன் உட்கார்ந்தவரைக் கோழை என்பது அறிவீனம். உழைப்பில்லை என்றும் சொல்ல முடியாது. முதல் நாவலை உருவாக்கியதும் இதே தளராத திருத்தம்தான். இரண்டாவதை உருவாகவிடாமல் செய்ததில் பெரும்பங்கும் அதற்கே என்பது நம் கருத்து. ஸ்டைன்பெக்கின் மனத்தில் ஓடிய எண்ணத்துக்கும் எல்லிசனின் மனத்தில் ஓடியதற்கும் இடையே அடிப்படையான வேறுபாடு இருந்ததற்கு நாம் சான்று எதையும் காணவில்லை. வெற்றியாளர்கள் வேறு விதமாக எண்ணுகிறார்கள் என்னும் கோட்பாடு இங்கே முற்றாக உடைகிறது. கரை சேர்ந்த பிறகு அவர்களுடைய எண்ணத்தை எடுத்து அதற்கு வெற்றிச் சிந்தனை என்று பெயர் வைக்கிறோம். சேராதவருடைய அதே எண்ணத்துக்கு வேறு பெயர்.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருந்தது? பெரும்பாலும் மனத்துக்கு வெளியே என்று நமக்குத் தோன்றுகிறது. செகாவிடம் விடாமல் வந்து கேட்டுக்கொண்டிருந்த நெமிரோவிச்-தான்சென்கோ, பக்கத்திரை ஓரம் நின்ற ஃபின்லே, கையெழுத்துப் பக்கங்களை அவ்வப்போது தட்டச்சு செய்து, நாவலுக்குத் தலைப்பையும் கண்டுபிடித்துக் கொடுத்த ஸ்டைன்பெக்கின் மனைவி கேரல் என்று அது மனிதர்களாக இருக்கிறது. அல்லது நாளுக்கு இரண்டாயிரம் சொற்கள் என்பதுபோல் ஓர் எளிய கணக்காக இருக்கிறது. இவற்றோடு, நம் வெற்றி நூல்கள் வாயே திறக்காத ஒன்றும் இருக்கிறது. அது பணம்.

தோற்றால் அதன் செலவை யார் ஏற்பது என்னும் கேள்வி தீராமல் எவரும் துணிவதில்லை. 1896இன் அந்த இரவுக்குப் பின் செகாவுக்குத் திரும்பிப் போக மெலிகோவோவில் வீடு இருந்தது. கையில் மருத்துவத் தொழிலும், கதைகளுக்குக் காத்திருக்கும் இதழ்களும் இருந்தன. ஸ்டைன்பெக்கின் முதல் நூல்கள் விற்காமல் கிடந்த 1930களின் தொடக்கத்தில், பசிபிக் குரோவில் இருந்த தந்தையின் சிறிய வீட்டில் வாடகையின்றி இருந்தார், மாதம் 25 டாலரும் தந்தையிடமிருந்து வந்தது. பெருமந்தக் காலத்தில் அது சிறிய தொகையன்று. அந்த வீடும் 25 டாலரும் இல்லாத, அதே அளவு திறனுள்ள இன்னொருவர் கலிபோர்னியாவில் அப்போது இருந்திருந்தால் அவர் பெயர் நமக்குத் தெரிய வாய்ப்பில்லை. அஞ்சாதே என்று சொல்பவர் முதலில் கேட்க வேண்டியது, தோற்றால் எங்கே போய்ப் படுப்பாய் என்பதைத்தான். தமிழ் எழுத்தாளர்களில் பலர் வங்கியிலும் தபால் நிலையத்திலும் பள்ளியிலும் வேலை பார்த்துக்கொண்டே எழுதியதைத் துணிவின்மை என்று சிலர் பேசுவதுண்டு. நமக்கு அது, அச்சத்துக்கும் எழுத்துக்கும் இடையே ஒரு சுவரை எழுப்பிக்கொள்ளும் ஏற்பாடாகவே தெரிகிறது. பெண் எழுத்தாளர்கள் பலருக்கு அந்தச் சுவரும் வாய்க்கவில்லை என்பது தனியே பேச வேண்டிய செய்தி.

'கடற்பறவை'யின் முடிவில் திரெப்லெவ் ஓரளவு வெற்றி பெற்ற எழுத்தாளன். அவனுடைய கதைகள் அச்சாகின்றன, அவனைப் பற்றி மக்கள் விசாரிக்கிறார்கள். நீனாவோ தோற்றவள், சிற்றூர் அரங்குகளில் மூன்றாம் வகுப்புப் பயணம் செய்து நடிக்கப் போகிறாள். அவன் தன் கையெழுத்துப் படிகளை ஒவ்வொன்றாகக் கிழித்துப் போட்டுவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்கிறான். அவள் தொடர்வண்டி ஏறப் போய்விட்டாள். இந்தக் காட்சியைப் படிப்பவர்கள் பெரும்பாலும் நீனாவின் மன உறுதியைப் பற்றியே பேசுகிறார்கள். திரெப்லெவ் காகிதங்களைக் கிழிக்கும் நேரத்தில் அடுத்த அறையில் அவனுடைய தாயும் திரிகோரினும் மற்றவர்களும் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார்கள் என்பதையும், பிறகு லோட்டோ ஆட உட்கார்கிறார்கள் என்பதையும், திரிகோரின் அவன் கதை வெளிவந்த இதழைக் கொண்டுவந்து கொடுத்தும் அதில் தம்முடைய கதையின் பக்கங்களை மட்டுமே பிரித்திருக்கிறார் என்பதையும் நாம் பேச வேண்டும். அன்றைய இதழ்கள் பக்கங்கள் ஒட்டியபடியே வரும். படிப்பவர்தாம் வெட்டிப் பிரிக்க வேண்டும்.

நம் சூழலில் முதல் தொகுப்புக்கு வெளியீட்டு விழா உண்டு, மாலை உண்டு, நான்கு பேர் மேடையில் பேசுவதும் உண்டு. இரண்டாம் தொகுப்பு ஐந்தாண்டுகளாகியும் வராதபோது அவரைத் தொலைபேசியில் அழைத்து, எழுதி வைத்திருப்பதை அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன் என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்? நம் வாசகர்களுள் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒருவரையாவது தெரிந்திருக்கும். பெயர் இப்போதே நினைவுக்கு வந்திருக்கலாம்.